தெரிஞ்சிட்டுத் தரணும்

யாராவது ஒரு விளையாட்டுக் கார்டை நீட்டினால் சிஸ்டர் உடனே வாங்க மாட்டார். "இது என்னன்னு தெரியுமா ஒனக்கு?" என்று முதலில் கேட்பார். தெரியும் என்று சொன்னாலும் நம்ப மாட்டார். போனை எடுத்து, அந்தக் கார்டு வெளியே என்ன விலைக்குப் போகிறது என்று தேடி, கொடுக்க வந்தவனின் மூக்குக்கு நேரே பிடிப்பார்.

"பாத்தியா? இப்பம் சொல்லு. இன்னும் தரணும்னு இருக்கா?"

பாதிப் பேர் கார்டைத் திரும்பப் பையில் வைத்துக்கொள்வார்கள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே ஆறிப்போன டீயை எடுத்துக் குடிப்பார். அப்படி அவர் கைக்கு வராமல் போன நல்ல கார்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு அலமாரி நிறைந்திருக்கும்.

நான் அப்போது மார்த்தாண்டத்தில், மேம்பாலத்தை ஒட்டிய ஒரு பேக்கரியில் புரோட்டா அடித்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உள்ள உறவு முடிந்துபோனது. பிறகு காசர்கோட்டில் ரப்பர் வெட்டினேன். மங்களூரில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றினேன். திருப்பூரில் துணி மடித்தேன். கோவளத்தில் ஒரு லாட்ஜில் அறை கூட்டினேன். எந்த ஊரிலும் இரண்டாவது மழைக்காலத்தைப் பார்த்ததில்லை. மார்த்தாண்டத்தில் மட்டும் கொஞ்சம் நின்றேன். பேக்கரி மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நடந்த ஆட்டம்தான் என்னை நிறுத்தியது.

சீட்டு என்றால் ரம்மி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இது வேறு. ஒவ்வொரு கார்டிலும் ஒரு படம் இருக்கும். வாள் பிடித்தவன், சூனியக்காரி, சிறகு முளைத்த மிருகம் என்று ஏதாவது. படத்துக்குக் கீழே அது என்னவெல்லாம் செய்யும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அவரவரிடம் இருக்கும் கார்டுகளில் இருந்து அவரவர் கட்டைச் சேர்த்துக்கொண்டு வருவார்கள். மேசையில் என் ஆட்களை நான் இறக்குவேன், உங்கள் ஆட்களை நீங்கள் இறக்குவீர்கள், ஒருவர் ஆளை மற்றவர் அடிக்கலாம். அடிபட்ட கார்டு ஓரத்தில் ஒரு குவியலுக்குப் போகும். காப்பாற்ற ஆள் இல்லாதவன் தோற்றான். ஆட்டத்தைவிடச் சத்தமாக நடப்பது மாற்றிக்கொள்ளும் வேலை. என்னிடம் இரண்டு இருக்கிறது, உன்னிடம் இல்லாதது ஒன்று தருகிறேன், அதை இங்கே தள்ளு என்று பேரம் நடக்கும். வாங்கிய கார்டை அவரவர் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு யாரும் திருப்பிக் கேட்கக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவர் சிஸ்டர்தான்.

சிஸ்டர் என்றால் மடத்துச் சிஸ்டர் இல்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர். நாற்பது தாண்டியிருக்கும். கடல் காற்றுக்கு மேலே பேசிப் பழகிய குரல், மாடியில் அவர் சிரித்தால் கீழே பஃப்ஸ் தின்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். காலைப் பூசை முடிந்து, அம்மாவுக்கு மீன்குழம்பு வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வருவார். வந்து கூடியவர்கள் எல்லாம் கல்லூரிப் பையன்கள், ஒரு வங்கிக்காரர், ஒரு ஏசி மெக்கானிக். பெண் என்று அவர் ஒருத்தர்தான். அதைப் பற்றி அவருக்கு ஒரு கூச்சமும் இருந்ததாக நினைவில்லை.

அவருடைய அம்மாவுக்குத்தான் இருந்தது. சீட்டு விளையாடப் போகிறாள் மகள் என்று அந்த அம்மா பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டார். சாமியார் கூப்பிட்டு விசாரித்தார். சிஸ்டர் கட்டை எடுத்து அவர் மேசையில் பரப்பினாராம். "இதுல காசு உண்டா?" என்று சாமியார் கேட்டார். இல்லை என்றார். "பிசாசு உண்டா?" என்று கேட்டார். "உண்டு சாமி. ஆனா எனக்க கட்டுல அது எப்பவும் தோத்துரும்." சாமியார் ஒரு டிராகன் படத்தைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, போய் வா என்று சொல்லிவிட்டாராம்.

அவரோடு எனக்குப் பழக்கமானது என் பையில் கிடந்த ஒரு கார்டால். கோவளம் லாட்ஜில் ஒரு வெள்ளைக்காரன் அறையைக் காலி செய்தபோது குப்பைக் கூடையில் விட்டுப்போனது. நெருப்புக்கு நடுவில் ஒரு கிழவன் உட்கார்ந்திருக்கும் படம். பிடித்திருந்தது, வைத்துக்கொண்டேன். டீ கொண்டுபோன ஒரு நாள் அதைச் சிஸ்டர் முன்னால் வைத்து, "உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கோங்க" என்றேன். எனக்கு அது குப்பைக் கூடைச் சாமான்தான்.

சிஸ்டர் அதைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"லேய் புரோட்டா, இது எங்கயிருந்து கெடச்சுது?"

சொன்னேன்.

"இது எனக்கு வேணும். எனக்க கட்டுக்கு இது மாதிரி ஒண்ணு இல்லாமத்தான் நான் தோத்துட்டு கெடக்கேன். ஆனா நீ தெரிஞ்சிட்டுத் தரணும். தெரியாம தந்தா நான் பறிச்ச மாதிரி."

போனைக் காட்டினார். நான் அந்தப் பேக்கரியில் பல மாதம் நின்று அடித்தால் கிடைக்கும் கூலி அதில் இருந்தது. கொச்சியில் வாங்க ஆள் இருக்கிறது என்று அவரே பேசி, அவரே அனுப்பி வைத்தார். எனக்கு முன்பல் இரண்டு கிடையாது. ரப்பர் மரத்தடி ஏற்றும்போது லாரியில் இருந்து விழுந்து போனவை. அந்தக் காசில் பல் கட்டினேன். சிஸ்டர் அதற்குப் பிறகும் தோற்றுக்கொண்டுதான் இருந்தார்.

"நிங்களே எடுத்திருக்கலாமே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தெரியாம ஒப்பு போட்டவ நான்" என்றார். நர்ஸ் வேலை என்று சொல்லி மஸ்கட்டுக்கு அனுப்பிய ஏஜென்ட் கையெழுத்து வாங்கிய தாளில் வீட்டு வேலை என்று எழுதியிருந்ததாம். அரபியில் இருந்தது. ஒரு வருடம் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு மாற முடிந்தது. "படிக்கத் தெரியாதவளுக்க முன்னால பேனாவ நீட்டுனவன் மொகம் எனக்கு இன்னும் ஓர்மை உண்டு. அந்த மொகம் எனக்கு வேண்டாம் மக்கா." இதைச் சொல்லும்போது அவர் ஒரு கார்டுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். உறை நேராகப் போகிறதா என்பதில்தான் கவனம் இருந்தது.

ஆனால் சிஸ்டரை மற்றவர்கள் தேடி வந்தது இந்த நேர்மைக்காக இல்லை. அவர் கார்டுகளில் வரைவார். யாருக்கும் வேண்டாத, கட்டுக்கட்டாகக் கிடக்கும் சாதாரணக் கார்டுகளை எடுத்து, நகப்பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் மையைத் துடைத்து எடுப்பார். பிறகு நூல் போன்ற பிரஷ்ஷால் அந்த இடத்தில் நம் ஊரைக் கொண்டுவந்து வைப்பார். எங்கோ பனிமலையில் நின்ற ராட்சசன் திற்பரப்பு அருவியில் தலையை நனைத்துக்கொண்டிருப்பான். காட்டு மரங்கள் ரப்பர் மரங்களாகி, ஒவ்வொன்றிலும் பால் வடியும் சிரட்டை தொங்கும். சூனியக்காரனுக்கு எங்கள் முதலாளியின் முகத்தை வைத்தபோது முதலாளி ஒரு வாரம் அந்தக் கார்டைக் கல்லாவில் வைத்துக்கொண்டு, பில் போட வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

வரைந்து தரக் கேட்பவனிடமும் அதே பாட்டுதான். "பெயின்ட் வச்சா கார்டு செத்துப்போச்சு, கேட்டியா? கடைக்காரன் ஒருத்தன் இதைத் தொட மாட்டான். தெரிஞ்சிட்டுக் கேளு." அவன் தெரியும் தெரியும் என்று தலையாட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பிரஷ் வெளியே வரும்.

இப்படி வரைவதை அவருக்குக் காட்டியவள் மஸ்கட்டில் அவரோடு ஒரே அறையில் இருந்த பிலிப்பினோக்காரி. ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். வேலை இல்லாத நாட்களில் இருவரும் கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவார்களாம். கொரோனா வந்த வருடம் அவர்கள் ஆஸ்பத்திரியிலேயே அந்தப் பெண் நோயாளியாகப் படுத்தாள். சிஸ்டர் வேறு வார்டில் டியூட்டியில் இருந்தார். பார்க்க விடவில்லை. உடலை ஊருக்கும் அனுப்பவில்லை, அங்கேயே அடக்கம். சிஸ்டர் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தது அவள் வரைந்த ஒரே ஒரு கார்டு. இரண்டு பெண்கள் நர்ஸ் உடுப்பில் கடலைப் பார்த்து நிற்கும் படம். ஒருத்தி கறுப்பு, ஒருத்தி வெளுப்பு. பின்னால் கலங்கரை விளக்கம் மாதிரி ஒன்று. ஊரில் இல்லாத கலர் அந்தக் கடலுக்கு.

அந்தக் கார்டு எப்போதும் சிஸ்டரின் கட்டுக்குள் இருக்கும். அதை மேசையில் இறக்கும்போது மட்டும் சத்தம் போடாமல், ஒரு விரலால் மெல்லத் தள்ளி வைப்பார்.

அதைத்தான் சிஸ்டர் தன் கையாலேயே தொலைத்தார்.

திருவனந்தபுரத்தில் ஒரு போட்டிக்குப் போயிருந்தார். அங்கே நடுவர் கட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, பெயின்ட் இருப்பதால் இந்தக் கார்டு மற்றதைவிடத் தடிமன், கலைக்கும்போது விரலுக்குத் தெரியும், எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்ற அவசரத்தில் சிஸ்டர் அதைக் கவிழ்த்து, சாதாரணக் கார்டுகள் கிடந்த பெட்டியில் போட்டார். அடுத்த ஞாயிறு ஏசி மெக்கானிக் வந்து, மகள் ஆட்டம் பழக ஆசைப்படுகிறாள், சும்மா கிடக்கும் கார்டு இருந்தால் தாருங்கள் என்று கேட்டார். பதிலுக்கு ஒரு கார்டும் கொடுத்தார். சிஸ்டர் அந்தப் பெட்டியில் இருந்ததை அப்படியே ரப்பர் பேண்ட் போட்டுத் தள்ளிவிட்டார். சாதாரணக் கார்டுக் கட்டை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அறுத்துப் பார்க்காமல் எடைக்குப் பலாச்சக்கை வாங்குகிற மாதிரிதான்.

கார்டைக் காணோம் என்றதும் ஆஸ்பத்திரியில் அவர் தேடாத பை இல்லை. வீட்டில் அம்மாவின் தலையணை உறையைக்கூட அவிழ்த்தாராம். அந்த வாரம் நடுவில் ஒரு நாள் பேக்கரிக்கு வந்து, என்னிடம் டீ கேட்டுவிட்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் குடுத்துட்டேன் மக்கா" என்றார். "அந்தக் கட்டோட குடுத்துட்டேன்."

"அதுக்கென்ன, கேட்டு வாங்குங்க. மெக்கானிக் நல்ல மனுசன்தானே."

"உறையில போட்டிருப்பான்."

"நிங்க தெரியாம தந்தது. நிங்க சொல்லுறபடி பாத்தா அது களவுதானே சிஸ்டர்?"

டீயைத் தள்ளி வைத்தார். "அவன் பறிக்கல. நான்தான் பாக்கல. தெரியாதது வேற, பாக்காதது வேற."

எனக்குக் கோபம் வந்தது. இப்படியும் ஒரு பிடிவாதமா? வாழ்க்கையில் நான் எத்தனையோ விட்டுவிட்டு வந்திருக்கிறேன். கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்த ஒன்றை விட்டதில்லை. அவர் போனபிறகு நானே மெக்கானிக்கைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அந்த மனுசன் பதறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மகளையே கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

ஜெனிஷா இரண்டாம் வகுப்பு. முன்னால் இரண்டு பல் இல்லை, என் பழைய முகம் மாதிரி இருந்தாள். குருவி படம் போட்ட ஒரு டப்பாவில் கார்டுகளை வைத்திருந்தாள். மெக்கானிக் அதில் இருந்து ஒன்றை உருவி மேசையில் வைத்தார்.

"மன்னிக்கணும் சிஸ்டர். பிள்ள கெடுத்துப்போட்டா."

கடலைப் பார்த்து நின்ற இரண்டு பெண்களுக்கும் நடுவில், சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால், கவுன் போட்ட ஒரு குட்டிப் பெண் வரைந்திருந்தது. இரண்டு கையும் குச்சியாக நீண்டு இரண்டு நர்சுகளின் கையையும் பிடித்திருந்தன.

சிஸ்டர் கார்டைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எடுத்துக்கிடுங்க சிஸ்டர்" என்றார் மெக்கானிக். "நான் இவளுக்கு வேற வாங்கிக் குடுத்துருவேன்."

"இது உங்களுக்க கார்டா?"

"நான்தானே வாங்கினது."

"யாருக்க டப்பாவுல இருக்கு?"

மெக்கானிக் மகளைப் பார்த்தார். "எனக்க டப்பா" என்றாள் ஜெனிஷா.

சிஸ்டர் தரையில் முட்டி போட்டு அவள் உயரத்துக்கு வந்தார். "மக்களே, கேளு. இதைக் கடையில கொண்டுபோனா ஒனக்கு ஒரு மிட்டாய்கூட கெடைக்காது. பெயின்ட் வச்ச கார்டு. ஆனா எனக்கு வேணும். ரெம்ப வேணும். அதனால நீ என்ன கேட்டாலும் நான் தருவேன். இதைத் தெரிஞ்சிட்டுச் சொல்லு."

வங்கிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். எந்த வியாபாரத்தில் வாங்குகிறவன் இப்படிப் பேசுவான்?

சிஸ்டர் தன் ஆல்பத்தைத் திறந்து அவள் மடியில் வைத்தார். அதில் மினுங்குகிறது, பொன் விளிம்பு உள்ளது, அவர் வருடக்கணக்காகச் சேர்த்தது எல்லாம் இருந்தது. அருவி ராட்சசனும் இருந்தான். ஜெனிஷா ஒரு பக்கத்தையும் விடாமல், விரலை எச்சில் தொட்டுப் புரட்டிப் பார்த்தாள். நான் கீழே புரோட்டாக் கல் சூடேறிக்கிடப்பதை மறந்து நின்றேன். கடைசிப் பக்கம் முடிந்ததும் ஆல்பத்தை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு இதுதான் வேணும்."

"ஏன் மக்களே?"

"இதுல நான் இருக்கேன்ல."

மெக்கானிக் கையை ஓங்கினார். சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "அவ தெரிஞ்சிட்டுத்தான் சொல்லுதா" என்றார். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு, ஒரு புது உறையை எடுத்து அவளிடம் நீட்டினார். கழிவறைக்குப் போய்விட்டுக் கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவி வந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஜெனிஷா வந்தாள். சிஸ்டர் கல்லூரிப் பையன்களோடு ஆடுவதைக் குறைத்து அவளோடு உட்கார ஆரம்பித்தார். குழந்தையோடு ஆடுவதில் என்ன சுகம் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. டீ வைக்கப் போன ஒரு நாள் கவனித்தேன். ஜெனிஷா எப்போது அந்தக் கார்டை இறக்குவாள் என்று சிஸ்டர் காத்திருந்தார். அவள் டப்பென்று அதைப் போடுவாள். அது மேசையில் கிடக்கும் வரைக்கும் சிஸ்டரின் கண் அதைவிட்டு அகலாது. அவரிடம் எத்தனை பலமான ஆட்கள் இருந்தாலும் அந்தக் கார்டை மட்டும் அடிக்க மாட்டார். சுற்றியிருப்பதை எல்லாம் அடிப்பார், அதைத் தாண்டிப் போக முடியாமல் தோற்பார். வாராவாரம் தோற்றார். "சிஸ்டர் ஆன்றிக்கு வெளயாடத் தெரியாது" என்று ஜெனிஷா கீழே வந்து முதலாளியிடம் சொல்லிவிட்டுத் தேங்காய் பன் வாங்கிப் போவாள்.

அந்த வருட மழை தொடங்கியபோது எனக்குக் கொல்லத்தில் ஒரு ஓட்டலில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு அவர்களின் ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

ஜெனிஷாவிடம் அந்த ஒரு கார்டு மட்டும்தான் நின்றது. சிஸ்டர் கையைச் சும்மா வைத்துக்கொண்டு, "போதும், ஒனக்க முறை" என்றார்.

"ஏன் ஆன்றி இதை மட்டும் அடிக்க மாட்டேங்குதிய?"

"எனக்க கைல அதுக்கு ஏத்தது இல்ல மக்களே."

ஜெனிஷா எட்டி, சிஸ்டர் கையில் இருந்த கார்டுகளைத் தன் பக்கம் வளைத்துப் பார்த்தாள். "இதோ இருக்குல்ல! கள்ளம் சொல்லுதிய!"

சிஸ்டரின் முகம் சிவந்துவிட்டது. அவர் பொய் சொல்லி நானும் அன்றுதான் கேட்டேன்.

"இருக்கு" என்றார். "அந்த வெளுத்தவ எனக்க கூட்டுக்காரி. செத்துப்போயிட்டா. நான் பக்கத்துல இல்ல. இதை அடிச்சா அவ அந்தக் குவியலுக்குப் போவாள்ல, அதான் அடிக்கல."

ஜெனிஷா கார்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். சிவப்புக் கவுன் மேல் விரலை வைத்தாள்.

"அவங்களை அடிக்காண்டாம். நடுவுல நிக்கது நான்தானே? என்னைய அடிங்க. அவங்க சும்மா எனக்க கூட வருவாங்க."

சிஸ்டர் கையில் இருந்ததில் ஒன்றை எடுத்து, அந்தக் கார்டின்மேல் வைத்தார். ஜெனிஷா தன் கார்டை எடுத்து, படம் மேலே தெரிகிற மாதிரி, ஓரத்துக் குவியலில் நேராக அடுக்கி வைத்தாள். அந்த ஆட்டத்தில் சிஸ்டர் ஜெயித்தார்.

தோற்ற ஜெனிஷா உதட்டைப் பிதுக்கினாள். தன் பக்கம் மேசையில் கிடந்ததையும் குவியலில் கிடந்ததையும் இரண்டு கையாலும் கூட்டி அள்ளி, கட்டாக்கிக் கலைத்து, நாலு தட்டுத் தட்டினாள்.

"இன்னொண்ணு" என்றாள்.

சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ கலைச்சது போதாது, இஞ்ச தா" என்று கையை நீட்டினார்.